352 விமானங்களை ஒருவரே வீழ்த்தினார் என்பதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: ஜெர்மானிய விமானி எரிக் ஹார்ட்மன் இரண்டாம் உலகப் போரில் 352 விமானங்களை வீழ்த்தினார் என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கிறது. அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ரிச்சர்ட் பாங் வெறும் 40. இந்த எண்களை யார் எண்ணினார்கள்? உண்மையா, போர்க்காலப் பிரசாரமா? கேட்டவர் பொய்யா மெய்யா என்று கேட்டிருந்தாலும், அவர் மனதில் இருப்பது இன்னும் கொஞ்சம் ஆழமான சந்தேகம் என்று நினைக்கிறேன். மணிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில், உயிர்ப் பயத்தோடு, இரண்டு மூன்று விநாடி கண்ணில் பட்டதை வைத்து ஒருவர் சொன்ன கணக்கு வரலாறாக நிற்குமா என்பதுதான் அது.

முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அநேகமாக எல்லா நாட்டு விமானிகளின் கணக்கும் உண்மையைவிட அதிகம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு சொன்னால் ஒன்று உண்மை என்கிற மாதிரி வரும். சில நாட்களில் பத்துக்கு ஒன்றுகூடத் தேறாது, சில விமானிகளுக்கு அநேகமாக அத்தனையும் தேறும். இதில் வேண்டுமென்றே சொன்ன பொய் மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு, நல்ல மனிதர்கள் நேர்மையாகச் செய்த தவறு.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. விமானப் படையில் ஆயுதப் பிரிவில் தரைப் பணியாளாக இருபது வருடம் இருந்தேன். துப்பாக்கிகளைக் கழற்றிச் சுத்தம் செய்வது, தோட்டாச் சரங்களை ஏற்றுவது, விமானம் திரும்பியதும் எத்தனை தோட்டா செலவாயிற்று என்று எழுதுவது, இதுதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு, இரு தரப்புப் பதிவேடுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரஷ்ய மொழியும் ஜப்பானிய மொழியும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்துக் கணக்குகளுக்கு மற்றவர்களின் உழைப்பைத்தான் நம்புகிறேன்.

என் வேலையில் பார்த்த ஒன்றைச் சொன்னால் மற்றது எளிதாகப் புரியும். வானில் சுட்டுப் பழகுவதற்கு, ஒரு விமானம் நீளமான துணி இலக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகும். மூன்று நான்கு விமானிகள் முறை வைத்து அதைச் சுடுவார்கள். யாருடைய தோட்டா பட்டது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொருவரின் தோட்டா முனைகளையும் ஒவ்வொரு நிறச் சாயத்தில் தோய்த்து வைப்போம். தோட்டா துணியைத் துளைக்கும்போது ஓட்டையின் விளிம்பில் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். துணி தரைக்கு வந்ததும் அதை விரித்துப் போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை, பச்சை எத்தனை என்று எண்ணுவோம். இறங்கி வரும் விமானியின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், இன்று துணியைக் கிழித்துவிட்டேன் என்று நினைக்கிறார் என்று. எண்ணிப் பார்த்தால் அவருடைய பச்சை மூன்றே மூன்று இருக்கும். பக்கத்தில் நின்று அவரும் குனிந்து பார்ப்பார், நம்ப மாட்டார், இன்னொரு முறை எண்ணச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தான் சுட்டது துணிக்குள் போனதைக் கண்ணால் பார்த்தார். நேராகப் பறக்கும், திருப்பிச் சுடாத ஒரு துணிக்கே இந்தக் கதி. நிஜப் போரில் இலக்கு வளைந்து ஓடும். பின்னால் இன்னொருவன் உங்களைச் சுட்டுக்கொண்டிருப்பான். கீழே ஓட்டையை எண்ண யாரும் இல்லை.

இப்போது 1940 செப்டம்பர் 15-க்குப் போவோம். பிரிட்டன் வான்போரின் உச்ச நாள். அன்று மாலை பிரிட்டிஷ் தரப்பு 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. மக்கள் கொண்டாடினார்கள். போர் முடிந்து ஜெர்மானிய ஆவணங்கள் கைக்கு வந்தபோது, அன்று அவர்கள் இழந்தது அறுபதை ஒட்டித்தான் என்று தெரிந்தது. அந்தக் கோடை முழுவதற்கும் பிரிட்டிஷ் தரப்பு சொன்ன 2,698, போருக்குப் பிந்தைய சரிபார்ப்பில் 1,733 ஆகக் குறைந்தது. ஜெர்மானியர்களும் சளைத்தவர்கள் இல்லை, அவர்களுடைய பெருக்கம் இன்னும் அதிகம்.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அந்த நாளில் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. எல்லாத் தோட்டாவும் சேர்ந்து சுமார் பதினைந்து விநாடிக்குத்தான் வரும். ஒரு விமானி எதிரி மெஸ்ஸர்ஷ்மிட் ஒன்றின் பின்னால் வந்து இரண்டு விநாடி சுடுகிறார். சுடப்பட்டவன் என்ன செய்வான்? மூக்கைக் கீழே தள்ளி, முழு வேகம் கொடுத்துச் செங்குத்தாகப் பாய்வான். அந்த ஜெர்மானிய எஞ்சினில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால் அப்படித் தலைகுப்புறப் பாய்ந்தாலும் எஞ்சின் நிற்காது. பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டர். அதே மாதிரி பாய்ந்தால் எஞ்சின் ஒரு கணம் திணறும். அதனால் இவரால் உடனே பின்தொடர முடியாது. முழு வேகம் கொடுத்த ஜெர்மானிய எஞ்சினோ கரும்புகை கக்கும். இவர் கண்ணில் பட்டது என்ன? சுட்டேன், புகை வந்தது, தலைகீழாக விழுந்து மேகத்துக்குள் போனான். இதற்கு மேல் நின்று பார்த்தால் தன் முதுகில் வேறொருவன் ஏறிவிடுவான். இறங்கியதும் உளவு அதிகாரியிடம் ஒன்று வீழ்ந்தது என்கிறார். அந்த ஜெர்மானியனோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

இன்னொரு காரணம், ஒரே விமானத்தைப் பலர் சுடுவது. அதே செப்டம்பர் 15 மதியம் ஒரு டோர்னியர் குண்டுவீச்சு விமானம் லண்டனின் விக்டோரியா ரயில் நிலையத்தின் மேல் உடைந்து விழுந்தது. அன்று அதைக் கடைசியாகத் தன் ஹரிக்கேன் விமானத்தால் மோதியவர் பிரிட்டிஷ் விமானி ரே ஹோம்ஸ். ஆனால் அவர் வருவதற்கு முன்பே அது அடிபட்டுக் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாகத் தள்ளாடிக்கொண்டிருந்தது; வழியில் பலர் அதைச் சுட்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் சுட்டபோது அது அடி வாங்கியது உண்மை. ஒவ்வொருவரும் திரும்பியபோது அது கீழே இறங்கிக்கொண்டிருந்ததும் உண்மை. பத்துப் பேரின் உண்மையைக் கூட்டினால் பத்து டோர்னியர் வந்துவிடும். வானில் எவ்வளவு விமானங்கள் கூடுகின்றனவோ அவ்வளவுக்குக் கணக்கு ஊதிப்போகும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். நாலுக்கு நாலு மோதிய சண்டைகளில் கணக்கு ஓரளவு சரியாக இருக்கும். இருநூறு விமானங்கள் கலந்த சண்டையில் இருக்காது.

இதன் உச்சம் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கியாளர்கள். ஒரு விமானத்துக்குப் பத்துத் துப்பாக்கிக்கு மேல். எதிரி விமானம் ஒன்று கூட்டத்தைக் கடந்து போனால் ஏழெட்டு விமானங்களில் இருந்து முப்பது நாற்பது பேர் சுடுவார்கள். 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்பர்க் நகரங்களைத் தாக்கப் போனபோது அவர்கள் வீழ்த்தியதாகச் சொன்னது 288. ஜெர்மானியர் இழந்தது சுமார் 25. அன்று 60 குண்டுவீச்சு விமானங்களைப் பறிகொடுத்து, பக்கத்தில் நண்பர்கள் எரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்த பையன்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, உண்மையான எண் இதுதான் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? வீழ்த்தியவரின் கணக்கை அவருடைய எதிரியின் இழப்புப் பதிவேட்டில் தேட வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது. இழப்புப் பதிவேட்டை மட்டும் ஏன் நம்ப வேண்டும், அவர்கள் மறைக்க மாட்டார்களா என்று உடனே கேட்பீர்கள். பத்திரிகைக்குக் கொடுக்கும் அறிக்கையில் மறைப்பார்கள், அது வேறு. உள்ளே இருக்கும் பதிவேடு பண்டகசாலைக் கணக்கு மாதிரி. ஒரு விமானம் போய்விட்டது என்று எழுதினால்தான் மாற்று விமானம் வரும். எஞ்சின் எண், விமான எண், விமானியின் பெயர், அவர் குடும்பத்துக்குப் போக வேண்டிய கடிதம், ஓய்வூதியம் எல்லாம் அதன்மேல் நிற்கிறது. ஜெர்மானிய விமானப் படையின் தளவாடத் துறை ஒவ்வொரு விமானத்தின் சேதத்தையும் விழுக்காட்டில் எழுதி வைத்தது. 60-க்கு மேல் போனால் பழுது பார்க்க லாயக்கில்லை, கணக்கிலிருந்து கழித்துவிடலாம். பிரிட்டிஷார் ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அட்டை வைத்திருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் கடைசி நாள் வரை அது எங்கே இருந்தது என்று அதில் இருக்கும். பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட படிவங்களை நானும் நிரப்பியிருக்கிறேன். ஒரு இலக்கம் தப்பினால் மேலதிகாரியிடம் போய் நிற்க வேண்டும். வீரக்கதை எழுதும் இடமில்லை அது.

அதே சமயம் அந்தப் பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. போரின் கடைசி மாதங்களில் ஜெர்மனியில் பதிவேடுகளே சிதறிப்போயின. சண்டையில் அடிபட்டுத் தன் தளத்துக்கு வந்து இறங்கும்போது நொறுங்கிய விமானத்தை விபத்து என்று எழுதியவர்கள் உண்டு. அடிபட்டு வயலில் இறங்கிய விமானத்தை மூன்று வாரத்தில் பழுது பார்த்து மறுபடி பறக்கவிட்டால் அது வீழ்ந்ததா, வீழவில்லையா? சுட்டவருக்கு அது வீழ்ந்தது. பண்டகசாலைக்கு அது வீழவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பல சண்டை சச்சரவுகள் உண்மையில் இந்த ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து விமானங்களை வீழ்த்தியவரை ஏஸ் என்று அழைக்கும் பழக்கம் முதல் உலகப் போரில் பிரான்ஸில் தொடங்கியது. சீட்டுக்கட்டில் நாம் ஆஸ் என்கிறோமே, அதே சொல்தான். பிரெஞ்சுக்காரர்கள் தனிச் சாட்சி இல்லாமல் எதையும் ஏற்கவில்லை. அதனால் ரெனே ஃபோங்க் தான் வீழ்த்தியது 127 என்று சொல்லியும் அவருக்கு ஏற்கப்பட்டது 75. ஆனால் மூன்று பேர் சேர்ந்து ஒன்றை வீழ்த்தினால் மூவருக்கும் முழுதாக ஒவ்வொன்று எழுதினார்கள். அமெரிக்கர்கள் இரண்டாம் உலகப் போரில் அதைப் பாதி, கால் என்று பங்கிட்டார்கள். ஜெர்மானியர்களுக்கு ஒரு விமானம் என்றால் ஒரே ஒரு விமானி, பங்கு கிடையாது. நேரம், இடம், உயரம், விமான வகை, எப்படி விழுந்தது, எத்தனை தோட்டா செலவு, சாட்சி யார் என்று வரிசையாகக் கேட்கும் நீண்ட படிவம் வேறு. படிவம் கடுமையாக இருந்தால் கணக்கும் சரியாக இருக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அப்படி இல்லை. சாட்சி சொல்பவரும் அதே இரண்டு விநாடியில், அதே புகையைத்தான் பார்த்திருக்கிறார்.

விதியைவிட முக்கியம், சண்டை யாருடைய மண்ணின் மேல் நடந்தது என்பது. முதல் உலகப் போரின் மான்ஃபிரெட் ஃபான் ரிஷ்ட்ஹோஃபன், சிவப்பு விமானத்தில் பறந்தவர், 80 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. இதைப் பிரிட்டிஷ் இழப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட ஆய்வாளர்களுக்கு மிகப் பெரும்பாலானவற்றுக்கு விமானியின் பெயரோடு ஜோடி கிடைத்தது. இவ்வளவு சுத்தமான கணக்கு அபூர்வம். காரணம், பிரிட்டிஷ் விமானங்கள் தினமும் போர்முனையைத் தாண்டி ஜெர்மானியப் பக்கம் வந்து தாக்குவது என்று கொள்கை வைத்திருந்தன. மேற்கிலிருந்து வீசும் காற்றும் அவற்றை உள்ளே தள்ளியது. விழுந்தவை ரிஷ்ட்ஹோஃபனின் பக்கத்திலேயே விழுந்தன. அவரால் போய்த் தொட்டுப் பார்க்க முடிந்தது. விமான எண் எழுதிய துணியை வெட்டி எடுத்து அறையில் மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. எதிர்ப்பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானிக்கு அந்த வசதி இல்லை. அவர் சுட்டது எதிரி மண்ணில் எங்கோ விழுந்தது. அதனால் அவர்கள் கட்டுப்பாடிழந்து விழுந்தது என்று ஒரு வகை வைத்து அதையும் வெற்றியாக எண்ணினார்கள். சுழன்று விழுவது போல நடித்துத் தப்பிப்பது அந்தக் காலத்தில் எல்லா விமானிகளும் கற்றுக்கொண்ட வித்தை.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய், 19 வயது, 1918 ஜூலையில் இரண்டே வாரங்களுக்குள் 10 வெற்றிகள் பெற்றார். ஜூலை 22 அன்று கொல்லப்பட்டார். அந்தப் பத்தில் ஐந்து, கட்டுப்பாடிழந்து விழுந்தது என்ற வகை. அந்த ஐந்தில் எத்தனை உண்மையில் தரையில் மோதின என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக அவருடைய வீரம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதே விதியில்தான் அவரோடு பறந்த எல்லோரும் எண்ணப்பட்டார்கள். அதே காலத்துக் கனடாக்காரர் பில்லி பிஷப்பின் 72 வேறு ரகம். 1917 ஜூன் 2 அன்று தனியாக ஒரு ஜெர்மானிய விமானத் தளத்தைத் தாக்கியதாகச் சொன்னார். அவர் பக்கத்தில் சாட்சி யாரும் இல்லை. ஆனாலும் பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். கிடைத்த ஜெர்மானிய ஆவணங்களில் அந்தத் தாக்குதலுக்கு உறுதியான தடயம் இல்லை. கனடாவில் இது இன்றும் கசப்பான விவாதம்.

வேண்டுமென்றே பொய் சொன்னவர்களும் உண்டு. 1942-இல் வட ஆப்பிரிக்காவில் ஜெர்மனியின் 27-வது வேட்டைப் படைப்பிரிவில் ஒரு சிற்றணியின் விமானிகள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி, பாலைவனத்தில் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, வெற்றி வெற்றி என்று எழுதி வந்தது அவர்களுடைய தோழர்களுக்கே தெரியவந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அதே படைப்பிரிவில், அதே பாலைவனத்தில், அதே படிவத்தை நிரப்பிய ஹான்ஸ் யோவாகிம் மார்செய்யின் கணக்கு. அவருக்கு 158. அதில் மூன்றில் இரண்டு பங்கு வரை பிரிட்டிஷ் இழப்புகளோடு பொருந்துவதாக ஒப்பிட்டவர்கள் சொல்கிறார்கள். இத்தனை வேகமாகச் சுட்டவருக்கு அது மிக உயர்ந்த விகிதம். ஆக, ஜெர்மானியக் கணக்கு என்று மொத்தமாக ஒரு முத்திரை குத்த முடியாது. ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

பணமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வலர்களான பறக்கும் புலிகள் ஒரு உதாரணம். வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் அவர்களுக்கு 500 டாலர். கணக்கு முந்நூறை நெருங்கியது. ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்ட டேனியல் ஃபோர்டு சுமார் 115 என்கிறார். அந்தக் குழுவில் இருந்த கிரெக் பாயிங்டன் அங்கே ஆறு வீழ்த்தினேன் என்று சொல்லி, பிறகு அமெரிக்க மரைன் படையில் பெற்றதோடு அதைக் கூட்டி 28 ஆக்கினார். குழுவின் சொந்தப் பதிவில் அவருக்கு வானில் வீழ்த்தியது இரண்டுதான் இருந்தது. ஆனால் பணத்தாசைதான் முந்நூறுக்குக் காரணம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. ஒரு காசும் கிடைக்காத பிரிட்டிஷ், ஜப்பானிய விமானிகளின் கணக்கும் இதே அளவு ஊதியிருக்கிறதே.

ஜப்பானியர் என்றதும் கொழும்பு நினைவுக்கு வருகிறது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை. ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரத்மலானையிலிருந்தும், நகர நடுவே குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கியிருந்த இடத்திலிருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. பிரிட்டிஷ் தரப்பு இருபதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜப்பானியப் பதிவுகளின்படி தாய்க்கப்பலுக்குத் திரும்பாதவை ஏழு. ஜப்பானியர்களும் தாங்கள் வீழ்த்தியதைக் கூட்டித்தான் எழுதினார்கள். அன்று கொழும்பு மக்கள் படித்த செய்தியும் நடந்த சண்டையும் வேறு வேறு. ஊரைக் காத்துவிட்டோம் என்ற நம்பிக்கை அந்த வாரம் அந்த ஊருக்குத் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

இனி ஹார்ட்மன். அவர் பறந்தது 1,400 முறைக்கும் மேல். அமெரிக்க விமானி குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் ஊருக்கு அனுப்பப்பட்டுப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விடுவார். ஜெர்மானிய விமானிக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. சாகும் வரை, அல்லது போர் முடியும் வரை பறக்க வேண்டும். ஹார்ட்மனின் முதல் வெற்றி 1942 நவம்பரில், கடைசி வெற்றி 1945 மே 8 அன்று, போர் முடிந்த நாளில். அவர் பறந்த கிழக்கு முனையில் எதிரி விமானங்களுக்குப் பஞ்சமே இல்லை. அப்புறம் அவருடைய முறை: எதிரி விமானம் தன் முன்கண்ணாடி முழுவதையும் நிறைக்கும் அளவுக்கு நெருங்கிப் போய்ச் சுட்டுவிட்டு உடனே விலகிவிடுவார். தூரத்திலிருந்து சுடுபவரைவிட இப்படிச் சுடுபவருக்கு விளைவு தெளிவாகத் தெரியும். ஆகவே ஒருவர் நூற்றுக்கணக்கில் வீழ்த்த முடியுமா என்றால், முடியும். பாங்கின் 40-ஐயும் இவருடைய 352-ஐயும் பக்கத்தில் வைத்துத் திறமையை அளப்பது மட்டும் தப்பு.

352 அப்படியே சரியா என்றால், இல்லை. ரஷ்ய ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர் ஒருவர் எண்பதை ஒட்டித்தான் தேறும் என்கிறார். அது எனக்கு மிகக் குறைவாகப் படுகிறது. சோவியத் பதிவுகளில் பல இழப்புகளுக்கு எதிரே சண்டைக்குப் போனது, திரும்பவில்லை என்ற ஒரு வரிதான் இருக்கும். யார் சுட்டது, எங்கே விழுந்தது என்று இருக்காது. அதே நாள், அதே பகுதியில் ஐந்தாறு ஜெர்மானிய விமானிகள் கணக்கு எழுதியிருந்தால், அந்த ஒரு வரியை யாருக்குக் கொடுப்பது? ஹார்ட்மனுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். 1944 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் 11 வீழ்த்தி 300-ஐத் தாண்டினார் என்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது. போரின் கடைசிப் பகுதிக்கான அவருடைய பறப்புக் குறிப்பேடும் தொலைந்துவிட்டது. என்னைக் கேட்டால், பொதுவான விகிதத்தை வைத்து நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் இடையில் என்பேன். இது என் ஊகம் மட்டுமே, எங்கும் மேற்கோள் காட்டாதீர்கள். இவ்வளவு குறைத்த பிறகும் அவர் வரலாற்றின் முதல் வரிசையில்தான் நிற்பார்.

இதையெல்லாம் படிக்கும்போது நம் ஊர் விமானிகள் உங்கள் மனதில் வந்திருப்பார்கள். 1965 போரில் செப்டம்பர் 3 அன்று ட்ரெவர் கீலர் தன் நாட் விமானத்தில் பாகிஸ்தானின் சேபர் விமானம் ஒன்றை வீழ்த்தினார் என்று வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்தச் சேபர் பலமாக அடிபட்டுத் தன் தளத்தில் இறங்கிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பின் பதிவு. நாலு நாள் கழித்து பாகிஸ்தானின் முகமது ஆலம் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹண்டர்களை வீழ்த்தியதாக அங்கே பாடப் புத்தகம் வரை போயிற்று. இந்தியப் பதிவுகளில் அந்தத் தாக்குதலில் போன ஹண்டர்கள் ஐந்து இல்லை. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். முதலாவதை நம்பி இரண்டாவதைச் சிரிப்பதோ, அங்கிருந்து பார்த்து அதையே தலைகீழாகச் செய்வதோ ஆராய்ச்சி ஆகாது. 2019 பிப்ரவரி 27 பற்றியும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அபிநந்தன் வர்த்தமான் ஒரு எஃப்-16-ஐ வீழ்த்தினார் என்று இந்தியா வீர் சக்ரா வழங்கியிருக்கிறது. பாகிஸ்தான் தன் எஃப்-16 எதுவும் போகவில்லை என்கிறது. நான் மேலே சொன்ன பண்டகசாலைக் கணக்கு இன்னும் வெளியே வரவில்லை. 1940-இன் கணக்கு போர் முடிந்த பிறகுதான் திறந்தது. அதுவரை யார் அடித்துச் சொன்னாலும் அவர் சொல்வது நம்பிக்கை.

எல்லாம் பெருக்கித்தான் சொல்லப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், எதிர்த்திசையிலும் தவறு நடந்திருக்கிறது. அதே 1965 செப்டம்பர் 7 அதிகாலை, ஆதம்பூரிலிருந்து இந்திய மிஸ்டேர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போயின. குடகைச் சேர்ந்த ஸ்க்வாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா அன்று கூடுதலாக வைக்கப்பட்டிருந்தவர். யாராவது போக முடியாமல் போனால் மட்டும் போக வேண்டும். ஆனால் போனார், திரும்பவில்லை. காணவில்லை என்று எழுதினார்கள். அவ்வளவுதான் இந்தியாவுக்குத் தெரியும். 1979-இல், பாகிஸ்தான் விமானப் படையின் ஒத்துழைப்போடு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர் எழுதிய புத்தகத்தில் அன்றைய சண்டை வந்தது. ஒரு மிஸ்டேரோடு நடந்த மோதலில் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்று போய்விட்டது, அதன் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்துத் தப்பினார் என்று அதில் இருந்தது. மோதலின் கடைசிக் கணங்களைப் பற்றிய விவரிப்புகள் ஒன்றுக்கொன்று சற்று மாறினாலும், ஸ்டார்ஃபைட்டர் போனதை இழந்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். இந்தியத் தரப்பில் அன்று திரும்பி வந்த யாரும் அப்படி ஒரு சண்டையைச் சொல்லவில்லை. திரும்பாத மிஸ்டேர் ஒன்றே ஒன்று. நேரத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து அது தேவய்யா என்று கண்டுகொண்டார்கள். யாரும் படிவம் நிரப்பாத, சாட்சி சொல்லாத அந்த ஒரு வெற்றிக்காக 1988-இல், 23 வருடம் கழித்து, அவருடைய மகாவீர் சக்ராவை அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.